இளநிலையும் முதுநிலையும் சேர்த்து மானிடவியல்: டெல்டாப் பிள்ளைகள் எப்படித் திட்டமிடலாம்?

நாகப்பட்டினம் கடற்கரையில் மீனவர் ஊர் ஒவ்வொன்றுக்கும் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. எந்த வலை போடலாம், ஊர் வரி எவ்வளவு, சண்டை வந்தால் யாருக்கு அபராதம் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்யும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த நிவாரணத்தில் பெரும்பகுதி அந்தப் பஞ்சாயத்துகள் வழியாகவே வீடுகளுக்குப் போனது. பஞ்சாயத்தில் உட்காருபவர்கள் ஆண்கள். அப்படியானால் கணவனைக் கடலுக்குக் கொடுத்த பெண்ணின் பங்கை யார் வாங்கினார்கள்? படகோ வலையோ இல்லாமல், பக்கத்துக் குடியிருப்பில் கூலி வேலை செய்து வாழ்ந்த தலித் குடும்பங்கள் பட்டியலில் ஏன் பல இடங்களில் விடுபட்டன? அரசாணையைப் படித்தால் இதற்கு விடை கிடைக்காது. கணக்கெடுப்பில் கொஞ்சம் கிடைக்கும். மீதியைத் தெரிந்துகொள்ள அந்த ஊரில் போய்த் தங்க வேண்டும், பழக வேண்டும், கேட்டதையும் பார்த்ததையும் ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். இப்படித் தெரிந்துகொள்வதற்கென்று வளர்ந்த துறை மானிடவியல்.

நமக்கு விளக்கமே தேவைப்படாத பழக்கங்கள் இந்தப் படிப்பில் கேள்விகளாக மாறும். மாமன் மகளைக் கட்டலாம், சித்தப்பா மகள் தங்கச்சி முறை என்பது எந்தத் தஞ்சாவூர்க் குழந்தைக்கும் தெரியும். இரண்டுமே அதே அளவு நெருங்கிய ரத்த உறவுதானே, ஒன்று மட்டும் ஏன் முறை, மற்றது ஏன் பாவம் என்பது முதலாண்டு உறவுமுறைப் பாடத்தில் வாரக்கணக்கில் பேசப்படும்.

துறைக்கு நான்கு பிரிவுகள். சமூக, பண்பாட்டு மானிடவியல் மேலே சொன்னது. உடல்சார் மானிடவியல் எலும்பு, மரபணு, குழந்தைகளின் வளர்ச்சி, ரத்தசோகை போன்றவற்றைப் பார்க்கிறது. மூன்றாவது தொல்பழங்காலத் தொல்லியல். மயிலாடுதுறை பக்கம் செம்பியன்கண்டியூரில் 2006ல் ஒரு பள்ளி ஆசிரியர் தோட்டத்தில் குழி தோண்டும்போது கிடைத்த கற்கோடரி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதிலிருந்த கீறல்களைச் சிந்துவெளிக் குறிகள் என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் வாசித்தார், விவாதம் இன்னும் நடக்கிறது. நான்காவது, மொழியைச் சமூகத்தோடு வைத்துப் பார்ப்பது. இந்தியத் துறைகளில் முதல் இரண்டுக்குத்தான் இடம் அதிகம். பட்டத்தின் பெயர் சில இடங்களில் பி.ஏ., எம்.ஏ. என்றும் சில இடங்களில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. என்றும் இருப்பதற்குக் காரணமும் இதுதான். பி.எஸ்சி. என்று நடத்தும் இடங்களில் பெரும்பாலும் பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும். எம்.ஏ.வை நோக்கிப் போகும் படிப்புகளில் கலைப் பிரிவுக்காரர்களும் சேரலாம்.

"சேர்த்துப் படித்தால் ஒரு வருஷம் மிச்சமா?"

பெற்றோர் பலருக்கு இந்த எண்ணம் இருக்கிறது. நம் நாட்டில் அது சரியில்லை.

தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் பழகிய வழி மூன்று ஆண்டு இளநிலை, அதன் மேல் இரண்டு ஆண்டு முதுநிலை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைப் பின்பற்றும் மத்தியப் பல்கலைக்கழகங்களில் நான்கு ஆண்டு இளநிலை வந்திருக்கிறது. அதை முடித்தவர்களுக்கு முதுநிலை ஓராண்டு போதும். மூன்றாவது வழி ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுநிலை: பிளஸ் டூ முடித்ததும் ஒரே முறை சேர்ந்து, நேராக எம்.ஏ.வோடு வெளியே வருவது. மூன்று வழியிலும் கூட்டினால் ஐந்துதான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'நான்கு கூட்டல் ஒன்று' என்று சொல்லும் ஏற்பாட்டில்தான் ஓர் ஆண்டு உண்மையாகவே குறைகிறது. அங்கே வழக்கமான கணக்கு நான்கு ஆண்டு இளநிலை, பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முதுநிலை. இந்த ஏற்பாட்டில் மாணவர் மூன்றாம் ஆண்டு வாக்கில் தன் துறையிலேயே விண்ணப்பிக்கிறார். நான்காம் ஆண்டில் முதுநிலைப் பாடங்கள் சிலவற்றை எடுக்கிறார். அந்தப் பாடங்களின் கிரெடிட் (ஒரு பாடத்தின் அளவைக் குறிக்கும் எண்) இளநிலைக் கணக்கிலும் சேரும், முதுநிலைக் கணக்கிலும் சேரும். எத்தனை கிரெடிட்டை இப்படி இரண்டு பக்கமும் எழுதலாம் என்பதற்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கும். நான்குக்கு மூன்று அல்லது அதற்கு மேல் சராசரி மதிப்பெண் கேட்பது வழக்கம். ஆனால் அங்கே முதுநிலைக்கு உதவித்தொகை கிடைப்பது அரிது. முனைவர் பட்டத்துக்குத்தான் கட்டண விலக்கும் மாதப் படியும் தருவார்கள். அதில் இளநிலை முடித்தவுடனேயே சேரவும் முடியும். ஆகவே கடன் வாங்கி அந்த ஐந்தாம் ஆண்டைப் படிக்கும் முன் ஒரு டெல்டாக் குடும்பம் ரொம்பவே யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

நம் ஊர் ஒருங்கிணைந்த படிப்பில் மிச்சமாவது வேறு. முதுநிலைக்கு இன்னொரு நுழைவுத் தேர்வு இல்லை. புது ஊர், புது விடுதி, புது ஆசிரியர்கள் என்று மறுபடி தொடங்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் விட முக்கியம், இரண்டாம் ஆண்டில் மனதில் விழுந்த ஒரு கேள்வியை அதே ஆசிரியரோடு பேசிப் பேசி ஐந்தாம் ஆண்டு ஆய்வேடு வரை வளர்த்தெடுக்க முடியும். மானிடவியலில் நல்ல களப்பணிக்குப் பழக்கமும் நம்பிக்கையும் வேண்டும், இரண்டும் நாள்பட வருபவை. அதனால் மற்ற எந்தப் பாடத்தைவிடவும் இந்தத் துறைக்கு ஐந்தாண்டு வடிவம் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இதில் இருக்கும் ஆபத்து, பதினேழு வயதில் எடுத்த முடிவில் ஐந்து வருஷம் மாட்டிக்கொள்வது. அதற்குத்தான் மூன்றாம் ஆண்டில் ஒரு வாசல் இருக்க வேண்டும். பிடிக்கவில்லை, வீட்டில் நிலைமை மாறிவிட்டது, வேலை கிடைத்துவிட்டது என்றால் மூன்று ஆண்டோடு இளநிலைப் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வர முடியுமா என்று சேரும் முன்பே கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் இப்போதைய வரையறைப்படி மூன்று ஆண்டு இளநிலைக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்கு ஆண்டு ஆனர்ஸுக்கு 160. நீங்கள் எடுக்கும் பாடங்கள் மூன்றாம் ஆண்டு முடிவில் அந்த எண்ணைத் தொடுகின்றனவா என்று ஒவ்வொரு செமஸ்டரும் பார்த்துக்கொள்வது நல்லது.

எங்கே படிப்பது?

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூவரை மானிடவியல் என்று தனிப் பாடம் கிடையாது. டெல்டாவின் கலைக் கல்லூரிகளிலும் தமிழ், வரலாறு, பொருளியல், விலங்கியல் கிடைக்கும் அளவுக்கு இது கிடைக்காது. திருவாரூர் நீலக்குடியில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்புகள் அறிவியல் பாடங்கள், பொருளியல் போன்றவற்றுக்குப் பெயர் பெற்றவை.

மானிடவியலிலேயே ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.ஏ. வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது ஹைதராபாத் பல்கலைக்கழகம். மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் பல தனியார் கல்லூரிகளைவிடக் குறைவு. சேர்க்கை 'கியூட்' பொது நுழைவுத் தேர்வு வழியாக. அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை.

அவ்வளவு தூரம் அனுப்ப வீட்டில் மனம் வரவில்லையா? 3 கூட்டல் 2 வழி கொஞ்சமும் தாழ்ந்ததல்ல. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ வரலாறோ தமிழோ விலங்கியலோ மூன்றாண்டு படித்துவிட்டு, முதுநிலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் துறைக்கோ புதுவைப் பல்கலைக்கழகத்துக்கோ போகலாம். எந்த இளநிலைப் பட்டங்களை ஏற்கிறார்கள் என்பதை அந்தந்த ஆண்டு விவரக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையில் இருப்பவர்களுக்கு இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைநிலையில் மானிடவியல் முதுநிலை நடத்துகிறது. பக்கத்துத் துறை ஒன்றையும் சொல்ல வேண்டும்: தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல் துறை இருக்கிறது, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. கூத்து, சாமியாட்டம், தாலாட்டு, ஒப்பாரி இவற்றில்தான் ஆர்வம் என்றால் அவை இன்னும் நேரான வழி.

இந்த வழியில் போகிறவர்கள் இளநிலையின் மூன்று ஆண்டையும் வீணாக்காமல், விருப்பப் பாடங்களையும் புராஜெக்டையும் முதுநிலைக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்க வேண்டும். வரலாறு படிப்பவர் பூம்புகார் அகழாய்வை எடுக்கலாம். விலங்கியல் படிப்பவர் மரபியலில் கவனம் வைக்கலாம். பொருளியல் படிப்பவருக்கு ஊர்க் கணக்கெடுப்பு கை பழகிவிடும்.

திட்டத்தைக் கடைசியிலிருந்து போடுங்கள்

முதலாண்டிலிருந்து தொடங்கி என்ன பாடம், என்ன பாடம் என்று எழுதிக்கொண்டு போவதுதான் பலர் செய்வது. நான் சொல்வது எதிர்த் திசை. ஐந்தாம் ஆண்டில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். அதற்குக் களப்பணி, நான்காம் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும் நடுவில் வரும் விடுமுறையில் பெரும்பாலும் நடக்கும். அந்த விடுமுறையில் நீங்கள் பார்க்க நினைப்பது டெல்டாவில் நடந்துகொண்டிருக்குமா? இங்கேதான் நிறையத் திட்டங்கள் கவிழ்கின்றன.

விவசாயத்தை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழகத்தின் பெரிய விடுமுறை மே, ஜூன் மாதங்களில். அப்போது ஆற்றில் தண்ணீர் இல்லை, வயல் வெடித்துக் கிடக்கும். மேட்டூர் அணை வழக்கப்படி திறப்பது ஜூன் 12. தண்ணீர் கல்லணை வந்து, வாய்க்கால்களில் பிரிந்து, கடைமடைக்கு எட்டுவதற்குள் உங்களுக்கு அடுத்த செமஸ்டர் தொடங்கும் காலம் வந்துவிடும். சம்பா நடவு புரட்டாசி, ஐப்பசியில். அறுவடை தை, மாசியில். நடவாட்களின் கூலி, ஆள் பிடிக்கும் விதம், இயந்திர நடவு வந்த பிறகு பெண்களின் வேலை நாள் என்ன ஆயிற்று என்று ஆராய ஆசைப்படும் மாணவி மே மாதம் வந்து நின்றால் பேச்சு கிடைக்கும், வேலையைப் பார்க்க முடியாது. டிசம்பர் விடுமுறையையும் பொங்கலையும் சேர்த்துத் திட்டமிட்டால் அறுவடையின் தொடக்கத்தையாவது நேரில் பார்க்கலாம். அதற்கு மூன்றாம் ஆண்டிலேயே வழிகாட்டியிடம் பேசி, எந்த செமஸ்டரில் பாடச் சுமையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்ய வேண்டும்.

கோடையில் கடைமடை ஊர்களில் கேட்கத் தகுந்த வேறு கேள்விகள் உண்டு. போன வருஷம் முறைப்பாசனம் எப்படி நடந்தது, வாய்க்கால் தூர்வார யார் ஆள் போட்டார்கள், தலைமடைக்காரர்களோடு என்ன தகராறு என்றெல்லாம் கேட்டால் சாவகாசமாக உட்கார்ந்து சொல்வார்கள். ஆக, தேதியை மாற்ற முடியாவிட்டால் கேள்வியை மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் மாற்றாமல் போனால்தான் கஷ்டம்.

கடற்கரையில் கணக்கே வேறு. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஏலக்கூடத்தைப் பற்றி எழுத நினைப்பவருக்கு அது மோசமான காலம். வலை பின்னுவது, படகு பழுது பார்ப்பது, கடன், தடைக்கால நிவாரணம், ஊர்ப் பஞ்சாயத்துப் பற்றி எழுத நினைப்பவருக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது, ஆட்கள் வீட்டில் இருப்பார்கள்.

திருவிழாக்களில் ஊர் அம்மன் கோயில் தீமிதி பெரும்பாலும் பங்குனியிலிருந்து வைகாசி வரை வருவதால் கோடை விடுமுறைக்குள் அடங்கிவிடும். மெலட்டூர் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகமும் அப்படியே, நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடப்பது. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, வகுப்பு நடக்கும் நேரம். நாகூர் கந்தூரி ஹிஜ்ரி கணக்கில் வருவதால் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். உங்கள் ஐந்தாம் ஆண்டில் அது எந்த மாதத்தில் விழும் என்று இன்றைக்கே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கைவினைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. சுவாமிமலையில் சிலை வார்ப்பும் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வேலையும் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைவதும் ஆண்டு முழுவதும் நடப்பவை. முதல் களப்பணிக்கு நான் இவற்றைத்தான் சொல்வேன். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஒரு பட்டறையில் உட்கார்ந்து, என்ன செய்கிறார்கள், யார் யாருக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நாள்தோறும் எழுதிப் பழகினால், ஆய்வேட்டுக் களப்பணியின்போது கை நடுங்காது. குறிப்பேட்டைத் தமிழில், ஆட்கள் பேசிய வாய்மொழியிலேயே எழுதுங்கள். வகுப்பும் தேர்வும் ஆங்கிலத்தில் இருக்கும், அதற்கு முதல் இரண்டு ஆண்டு பாடுபட வேண்டியிருக்கும். ஆனால் களத்தில் தமிழ் மீடியப் பிள்ளைக்கு இருக்கும் காது மற்றவர்களுக்கு எளிதில் வராது.

எங்கே தங்குகிறீர்கள், யார் பேசுகிறார்கள்

காவிரி டெல்டா மானிடவியலுக்குப் புதிய நிலமல்ல. மானிடவியலாளர் காத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டத்தில் இரண்டு கிராமங்களில் ஆய்வு செய்தார். ஒன்று வடமேற்கில், மற்றது நாகப்பட்டினம் பக்கம். கும்பாப்பேட்டை, கிரிப்பூர் என்று அவர் எழுதியவை புனைபெயர்கள். அவர் இங்கே இருந்தபோதுதான் 1952ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ல் அதே ஊர்களுக்கு மறுபடி வந்து, நிலமும் கூலியும் சாதியும் கால் நூற்றாண்டில் எப்படி மாறின என்று பார்த்தார். ஆந்த்ரே பெத்தேய் 1961, 62ல் திருவையாறு பக்கத்து ஊர் ஒன்றில் தங்கினார். 'ஸ்ரீபுரம்' என்பதும் புனைபெயரே. அவர் சமூகவியலாளர் என்றாலும் முறை இதே முறை. அக்கிரகாரத்தில் தங்கியதால் ஊர் தன்னைப் பிராமணர்களோடு சேர்த்தே பார்த்தது, சேரிக்குப் போய்ப் பழகுவது அதனால் கடினமாக இருந்தது என்று அவரே பதிவு செய்திருக்கிறார்.

சொந்த மாவட்டத்தில் களப்பணி செய்யப் போகும் மாணவருக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்பது ஊருக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். "தம்பி நம்ம வாத்தியார் பேரன்" என்று ஒரு தெருவில் கதவு திறக்கும். அதே காரணத்தால் இன்னொரு தெருவில் வாய் மூடிக்கொள்ளும். சொந்த ஊரை விட்டு இரண்டு தாலுகா தள்ளி ஓர் ஊரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பேச்சு புரியும், சுமை குறையும். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றி எழுதுவது வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். கூலித் தகராறு பற்றி உங்களிடம் மனம் விட்டுப் பேசிய ஓர் அம்மா, நீங்கள் ஹைதராபாத்துக்குத் திரும்பிய பிறகும் அதே நிலத்துக்காரரிடம்தான் வேலைக்குப் போக வேண்டும். கேட்பதற்கு முன் எதற்குக் கேட்கிறோம் என்று சொல்லி, சம்மதம் வாங்கி, 'எழுதாதே' என்று சொன்னதை எழுதாமல் இருக்கவும் இந்த ஐந்தாண்டுக்குள் பழக வேண்டும்.

வேலை

மானிடவியலாளர் என்ற பெயரோடே வரும் வேலைகள் குறைவு. 1945ல் தொடங்கிய இந்திய மானிடவியல் ஆய்வகத்துக்குத் தலைமையகம் கொல்கத்தாவில், தென் மண்டல மையம் மைசூருவில். அங்கே இடங்கள் அவ்வப்போதுதான் வரும். அருங்காட்சியகம், பழங்குடியினர் நல ஆய்வு, பொதுச் சுகாதார ஆய்வு, பேரிடர் மறுவாழ்வு, தொண்டு நிறுவனங்கள், பயனாளர்களின் பழக்கத்தை ஆராயும் தனியார் நிறுவனங்கள் என்று வேலை பரவிக் கிடக்கிறது. குடிமைப் பணித் தேர்வில் மானிடவியல் ஒரு விருப்பப் பாடம், இரண்டு தாள், மொத்தம் 500 மதிப்பெண். ஆசிரியப் பணிக்கும் ஆய்வுக்கும் போகிறவர்கள் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு நல்கை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் வரும். நான்கு ஆண்டு இளநிலையை 75 சதவீதத்தோடு முடித்தவர்கள் முதுநிலை இல்லாமலே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கவும் இப்போதைய விதி இடம் தருகிறது. ஆனால் களப்பணியில் கை பழகாமல் அப்படி ஓடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த ஆண்டு பிளஸ் டூவில் இருப்பவர்களுக்கு உடனடி வேலை ஒன்று இருக்கிறது. கியூட் அறிவிப்பு பெரும்பாலும் ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள் வரும், பொதுத்தேர்வுப் பரபரப்பில் அது கண்ணில் படாமல் போய்விடும். விண்ணப்பத்தில் எந்தெந்தத் தாள்களை எழுதப் போகிறோம் என்று குறிக்க வேண்டும். அந்தத் தாள்கள் நீங்கள் சேர விரும்பும் படிப்பு கேட்கும் தாள்களோடு பொருந்தாவிட்டால் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் பயன் இல்லை. ஆகவே முதலில் பல்கலைக்கழகத்தின் அந்த ஆண்டு விவரக் குறிப்பைத் திறந்து தாள்களைப் பாருங்கள், பிறகு கியூட் படிவத்தை நிரப்புங்கள். மூன்றாம் ஆண்டில் பட்டத்தோடு வெளியே வர முடியுமா, களப்பணிச் செலவை மாணவர் ஏற்க வேண்டுமா, ஆய்வேட்டுக்கு டெல்டா ஊரைத் தேர்ந்தெடுக்க அனுமதி உண்டா என்ற மூன்று கேள்விகளையும் துறைக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.